அடுப்பில்லாத வீட்டு எள்ளுருண்டை

வா கண்ணு, வெயில்ல ஏன் நிக்கறே? உள்ள வா. எங்கூட்டு மனுசன் இல்ல. தாராபுரத்துல கூட்டம்னு காத்தாலயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொழுதோட வந்துருவாரு. உன்ற ஊட்டுக்காரரும் அங்கதான் போயிருக்காரா? ஓ, உன்னையும் கொழந்தையையும் இங்க எறக்கி உட்டுட்டு, வரும்போது அவரை வண்டியில ஏத்திக்கிட்டு வர்றதாப் பேச்சா? அது சரி. இங்க வர்றவங்க முக்காவாசிப் பேரு இப்படித்தான். ஆம்பளைங்க அவரு பின்னால போயிருவாங்க, பொண்டாட்டி புள்ளைங்க என்ற கிட்ட.

காத்தாடிக்குக் கீழ உக்காரு. இந்த ஊட்டுல கரண்டுச் சாமான்னு மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான். மிக்சி போச்சு, கிரைண்டர் போச்சு, பிரிட்ஜ் போச்சு. கேஸ் அடுப்பு அவரு தங்கச்சி ஊட்டுக்குப் போச்சு. முப்பது வருசம் கரண்டு ஆபீசுல வேலை பாத்த மனுசன், ரிடையர் ஆனதும் கரண்டுல ஓடறது எதுவும் ஊட்டுக்கு ஆவாதுன்னாரு. காத்தாடியையும் கழட்டறேன்னு ஸ்டூலு மேல ஏறினாரு. அது சித்திரை மாசம். ஸ்டூல்ல இருந்து எறங்கினவரு, அதைப் பத்தி அப்புறம் பேச்சே எடுக்கலை.

நீ பேசு கண்ணு, நான் தேங்காய் திருவிக்கிட்டே கேக்கறேன். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, சமைக்காமத் திங்கறதைப் பத்தி அவரு எடுக்கற வகுப்பு இருக்குது. வர்றவங்களுக்கெல்லாம் தேங்காப்பால் குடுக்கணும்.

இந்துமதியா? நல்ல பேரு. திருப்பூரா? கொழந்தை பேரு? செங்கனி! அவரு கேட்டா சந்தோசப்படுவாரு. எட்டு மாசமா? பாத்தா அப்படித் தெரியலையே, சின்னதா இருக்குது. என்ன சமத்து பாரு! வந்து இத்தனை நேரமாச்சு, ஒரு சிணுங்கல் இல்ல. என்ற மவன் எட்டு மாசத்துல இந்நேரம் இந்தத் தேங்காய்த் தட்டத்தைக் கவுத்துருப்பான்.

சொல்லு. உன்ற மாமியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்குது. கொழந்தை செரியாப் பால் குடிக்கறதில்ல, சுருண்டு சுருண்டு படுத்துக்குது, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு சண்டை போடுது. உன்ற ஊட்டுக்காரரு, ஐயா ஒரு வார்த்தை சொல்லாம ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேங்கறாரு. அதானே? அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை தூரம் வந்தே? செரி, வரட்டும். அதெல்லாம் அவரு சொல்வாரு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது கண்ணு. நான் தேங்காய் திருவறவ.

உன்ற மாமியா மேல கோவப்படாதே. வயசானவங்களுக்கு ஊட்டுல அடுப்பு எரியலைன்னா வெறிச்சுனு இருக்கும். எனக்கே இருந்துச்சு. அடுப்பில்லாத ஊடுன்னா பொம்பளைக்கு ஓய்வுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. வகுப்புக்கு வர்றவளுங்க என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குதும்மாங்கறாளுங்க. இந்தக் கையைப் பாரு. மணிக்கட்டு எப்படி வீங்கிக் கெடக்குது பாரு.

எளிமையா வாழறோம்னு மைக்குல சொல்றாரு. ஆரு எளிமையா வாழறது? அவரு எளிமையா வாழறதுக்கு நான் இருட்டோட எந்திரிக்கணும். பூசணிக்காயைச் சீவித் துணியில போட்டுப் புழியணும். பச்சைப்பயிறை ஊற வெக்கணும், ஊறினதை வடிச்சுக் கட்டணும், கட்டினது முளை உட்டுருச்சான்னு பாக்கணும். கேரட்டுத் திருவணும், தேங்காய் திருவணும், பால் எடுக்கணும். மிக்சியில ரெண்டு சுத்து சுத்துனா முடியற வேலை. சுத்துனா சத்து செத்துருமாம். பிரிட்ஜ் இல்லையா, மத்தியானம் மிஞ்சினது பொழுதோட புளிச்சுப் போவும். மறுபடியும் மொதல்ல இருந்து. அரிசியும் பருப்பும் கழுவிக் குக்கர்ல போட்டு, நாலு விசில் உட்டு, நெய்யை ஊத்தினா ஒரு வேளை முடிஞ்சு போவும். அதுக்குப் பேரு சிக்கலான வாழ்க்கை. இதுக்குப் பேரு எளிமை. நான் அலுத்துப் போயிட்டேன் கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். படுத்தா முதுகு தரையில ஒட்டமாட்டேங்குது.

அதுக்காக அவரைக் குத்தஞ்சொல்லலை. சர்க்கரை முந்நூறு நானூறுன்னு ஓடிக்கிட்டிருந்த ஆளு. இதுக்கு மாறின பொறவு சர்க்கரை எறங்கிச்சு, தொப்பை போச்சு, மொகத்துல ஒரு களை வந்துச்சு. அது நெசம். நானே கண்ணால பாத்தேன். அதுல இருந்துதான் நாலு பேரு வர ஆரம்பிச்சு, அது நாப்பது பேராச்சு, அப்புறம் வீடியோ எடுக்கறாங்க, மாலை போடறாங்க. எங்கூட்டு மனுசனுக்கு ஆபீசுல முப்பது வருசத்துல ஒருத்தரும் ஒரு வணக்கம் வெச்சதில்ல. இப்ப ஐயாங்கறாங்க. வேண்டாம்னு ஆரு சொல்லுவா?

நானா? நான் என்ன சாப்பிடறேன்னா கேக்கறே?

ஆருகிட்டயும் சொல்லாதே. பின்னால தெரியுது பாரு ஓட்டு ஊடு, அது என்ற ஓரகத்தி ஊடு. அவரு மத்தியானம் படுத்ததும் நான் அந்தப் பக்கம் போவேன். ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு, ஊறுகா. ஒரு நாளைக்கு ரசம். அவரு கூட்டத்துல, என்ற சம்சாரம் எட்டு வருசமா அடுப்புக்கிட்டப் போனதில்லீங்கன்னு சொல்லுவாரு. அது பொய்யில்ல. நான் அடுப்புக்கிட்டப் போறதில்ல. போறது என்ற ஓரகத்தி.

சிரி, சிரி. வந்ததுல இருந்து இப்பத்தான் உன்ற மொகத்துல ஒரு சிரிப்பு வருது. கொழந்தைக்கும் ஒரு சிரிப்புக் காட்டு. பாப்பா! இங்க பாரு! தூக்கமா? கண்ணு தொறந்துதானே இருக்குது. வெயில்ல வந்த அசதியா இருக்கும்.

அப்படி எல்லாம் பயந்துக்காதே. எங்கூட்டு மனுசனுக்கும் ஒரு தடவை ஒடம்புக்கு முடியாம வந்துச்சு. நாலு வருசமிருக்கும். நாக்கு செவசெவன்னு செவந்து, பழம் தின்னாக்கூட எரியுதுன்னாரு. பொறவு காலு மரமரத்துப் போச்சு. தெருவுல நடந்து போவாரு, ஒரு காலுச் செருப்பு கழண்டு பின்னால கெடக்கும், அவரு பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பாரு. நான் பின்னாலயே பொறுக்கிக்கிட்டுப் போவேன். என்னங்க இதுன்னா, கழிவு வெளியேறுதுன்னாரு. அத்தனை வருசம் தின்ன விசமெல்லாம் காலு வழியா எறங்குதாம். நோவு வந்தா ஒடம்பு சுத்தமாவுதுன்னு அர்த்தமாம். நோவு அதிகமானா அதிகமாச் சுத்தமாவுதாம்.

உன்ற ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரா? கொழந்தைக்கா? கொழந்தைக்கு ஏது கழிவு, அது என்னத்தைத் தின்னுச்சு? செரி, அது எனக்கெதுக்கு. அவரு வரட்டும்.

அப்புறம் ஒரு நா வாய்க்கா மேட்டுல நடந்து போனவரு உள்ளயே உழுந்துட்டாரு. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. காய்ச்சல், நெனப்பில்ல. நான் ஆரையும் கேக்கலை, உடுமலையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டேன். அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, உன்ற வயசுதான் இருக்கும். ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்துட்டு என்னைய வெளிய கூட்டிட்டு வந்து சொல்லுச்சு. பி-பன்னெண்டுன்னு ஒரு சத்து, அது செடி கொடியில கெடைக்காதாம். வெறும் காயும் கனியும் திங்கறவங்க மாத்திரையாவது ஊசியாவது எடுத்துக்கிட்டே ஆவணுமாம். உட்டா காலு ரெண்டும் நின்னு போவும், அப்புறம் நான் என்ன பண்ணினாலும் திரும்ப வராதும்மான்னுச்சு.

அவருகிட்டச் சொன்னாக் கேப்பாரா? கண்ணு முழிச்சதும் மொத வார்த்தை, என்ற ஒடம்புக்குள்ள ரசாயனம் ஏத்திட்டீங்களான்னு. அதெல்லாம் இல்லீங்க, வெறும் குளுக்கோசுன்னேன். ஊசியெல்லாம் ஏத்தித்தான் வெச்சிருந்தாங்க. அப்புறம் ஊட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு மாசத்துல தெளிஞ்சு, பழையபடி நடந்தாரு. அதுக்குப் பொறவுதான் மைக்குல எள்ளுருண்டையைப் பத்திப் பேச ஆரம்பிச்சது. எள்ளும் பேரீச்சம்பழமும் ஒரல்ல இடிச்சு உருட்டறது. வெடியால ஒண்ணு, அவருக்குன்னு நான் தனியா உருட்டுவேன். அதுலதான் எல்லாம் சரியாச்சுன்னு அவரு நெனப்பு.

ஆமா, அங்க கண்ணாடி போட்டு மாட்டியிருக்கறது அவரு ரத்த ரிப்போர்ட்டுத்தான். மறு வருசம் சோதிச்சது. பி-பன்னெண்டு நல்லா இருக்குதுன்னு வந்துச்சு. பொய் சொன்ன டாக்டருங்க மூஞ்சியில கரியைப் பூசியாச்சுன்னு அன்னைக்கு அவரு பண்ணின அமர்க்களம்! ஊரு ஊராத் தூக்கிட்டுப் போயிக் காட்டினாரு.

எப்படிச் சரியாச்சுன்னா கேக்கறே?

ஒரு நிமிசம். அந்தக் கதவை லேசாச் சாத்து.

மாத்திரை கண்ணு. மாத்திரையிலதான் சரியாச்சு. என்ற தம்பி மவன் உடுமலையில மருந்துக்கடை வெச்சிருக்கறான், அவந்தான் யோசனை சொன்னான். செவப்பு மாத்திரை, இத்துனூண்டு. பொடி பண்ணி அவரு உருண்டையில வெச்சு உருட்டிருவேன். எள்ளுக் கறுப்புல ஒண்ணும் தெரியாது. மொதல்ல தேங்காப்பால்லதான் கலந்து பாத்தேன், ரோஸ் கலராப் போச்சு, மாட்டிக்கப் பாத்தேன். அதுக்கப்புறந்தான் உருண்டை. மாத்திரையை எங்க வெச்சிருக்கறேன் தெரியுமா? பழைய புளி டப்பாவுல. சமையலே இல்லாத ஊட்டுல புளி டப்பாவை ஆரு தொறக்கப் போறாங்க? நாலு வருசமாச்சு. ஒரு நா தவறினதில்ல. ஊருக்குப் போனாக்கூட உருட்டித் துணியில முடிஞ்சு குடுத்துத்தான் அனுப்புவேன். இன்னைக்குத் தாராபுரத்துக்கும் குடுத்துத்தான் உட்டேன். மைக்குல அவரு பேசறதைக் கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புத்தான் வரும், அடப் பாவி மனுசா, உன்னைய நடக்க வெக்கறவ இங்க வெங்காயம் கூட உரிக்க வழியில்லாம உக்காந்திருக்கறேன்னு.

என்ன கண்ணு? ஏன் அழுவறே?

என்ன சொன்னே? மறுபடி சொல்லு.

மூணு வருசமா நீயும் வெறும் காயும் கனியுமா? கெர்ப்பமா இருக்கையிலயுமா? ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையெல்லாம்? தூக்கிப் போட்டுட்டீங்களா? எதைப் பாத்துட்டு? இந்தக் கண்ணாடியில இருக்கறதைப் பாத்துட்டா?

ஐயா ரத்தமே சாட்சின்னு சொன்னாருன்னா... ஆமா, அப்படித்தான் சொல்லுவாரு. நானும் அங்கதான் இருப்பேன். தேங்காப்பால் ஊத்திக் குடுத்துக்கிட்டு. ஆனா நான் ஆருகிட்டயும் மாத்திரை சாப்பிடாதீங்கன்னு சொன்னதில்ல கண்ணு! நான் எங்கூட்டு மனுசன் காலுக்குப் பண்ணினேன். கூட்டத்துக்கு வர்ற ஒவ்வொருத்தரும் ஊட்டுல போயி என்ன பண்றாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? எள்ளுருண்டை தெனம் ரெண்டு தின்னியா? அதுல என்ன கண்ணு இருக்குது, வெறும் எள்ளு!

அழுவாதே. இரு, கையைக் கழுவிட்டு வர்றேன். கொழந்தையை இங்க குடு.

தலை ஏன் இப்படித் தொங்குது? எட்டு மாசத்துக் கொழந்தை, தலை நிக்கலையா? நின்னுதான் இருந்துச்சா? கவுந்து கூடப் படுத்துச்சா? எப்ப? அஞ்சு மாசத்துல. பொறவு எல்லாமே போயிருச்சு. போனை இங்க காட்டு. இதுவா செங்கனி? இப்படியா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு?

பாப்பா. பாப்பா, இங்க பாரு. கையைத் தட்டறேன் பாரு.

என்னையப் பாக்கவே மாட்டேங்குது.

நான் சமத்துன்னு சொன்னேனே. வந்ததுல இருந்து இதைப் பாத்துக்கிட்டே தேங்காய் திருவிக்கிட்டு உக்காந்திருக்கறேன், சமத்து சமத்துன்னு. அழறதுக்குக் கூடத் தெம்பில்லாம கெடக்குது கண்ணு இது.

இரு, ஒண்ணு பண்ணு. இந்தா, புளி டப்பாவுல அட்டை இருக்குது, ரெண்டு அட்டை எடுத்துக்க. பைக்குள்ள அடியில வெச்சுக்க. தெனம் ஒண்ணு நீ போட்டுக்க. ஆருக்கும் தெரிய வேண்டாம், உன்ற ஊட்டுக்காரருக்கும் சொல்லாதே. உருண்டையில வெச்சு நீயே தின்னுக்க. அப்படியே சரியாப் போயிரும்.

ஏன் வாங்கமாட்டேங்கறே?

செரி. நீ சொல்றது செரி. பெரியவங்க காலுக்கு ஆவறது கொழந்தைக்கு ஆவாது. இதை டாக்டரு பாக்கணும். இன்னைக்கே பாக்கணும். என்ற தம்பி மவனுக்குப் போன் பண்றேன், கார் கொண்டுட்டு வருவான், ஆஸ்பத்திரியில சொல்லியும் வெப்பான். நீ ஏறிப் போயிரு.

உன்ற ஊட்டுக்காரரு உடமாட்டாரா? பெத்த தாய் நீ, உன்னைய ஆரு உடமாட்டேங்கறது? போன மாசம் உன்ற மாமியா தூக்கிட்டுப் போயி, இவரு போயி ஆஸ்பத்திரி வரிசையில இருந்து புடுங்கிட்டு வந்தாரா? அட ராமா. நீ போனாலும் பின்னாலயே வந்து தூக்கிட்டு வந்துருவாரு. ஐயா வாயில இருந்து வந்தாத்தான் கேப்பாரு.

ஐயா சொல்லுவாருன்னா நெனைக்கறே? எனக்குத் தெரியும் கண்ணு அவரு என்ன சொல்லுவாருன்னு. கொழந்தை தலையில கையை வெச்சு, கழிவு வெளியேறுதும்மா, பொறுமையா இருங்கம்பாரு. அந்தக் கண்ணாடியைக் காட்டுவாரு. நல்ல எண்ணத்துலதான் சொல்லுவாரு. அவரு ஆருக்கும் கெடுதல் நெனைக்கற ஆளில்ல.

நானா? நான் எப்படிச் சொல்றது?

நீ சுலுவாச் சொல்லிட்டே, சொல்லுங்கம்மான்னு. உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சா அந்த நிமிசத்துல இருந்து என்ற கையால தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாரு. மாத்திரையைத் தொடமாட்டாரு. இன்னொரு ரெண்டு வருசத்துல அந்தக் காலு நின்னு போவும். அப்புறம் அவரைத் தூக்கி உக்கார வெக்கறது ஆரு? இந்தக் கையா? ஊரெல்லாம் ஐயான்னு கூப்பிட்ட மனுசன், பொண்டாட்டி நாலு வருசமா ஏமாத்திச் சோறு போட்டான்னு தெரிஞ்சா எப்படி வெளிய தலை காட்டுவாரு? எட்டு வருசம் தேங்காய் திருவி, பயிறு கட்டி, ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம அந்தக் காலைக் காப்பாத்தி வெச்சிருக்கறேன் கண்ணு. அதை என்ற வாயாலயே போட்டு ஒடைக்கச் சொல்றே.

என்னைய அப்படிப் பாக்காதே.

கொழந்தை வாயைச் சப்புது பாரு. பசியா? குடு, கொஞ்சம் குடு. ம்... உன்ற பால்லயும் அது இருக்காதில்ல? நீ தின்னதுல இருந்தாத்தானே அதுல இருக்கும். தெனம் அதைத்தான் குடிச்சுக்கிட்டு இருந்திருக்குது. நீயும் நம்பித்தான் குடுத்திருக்கறே.

எத்தனை பேரு வர்றாங்க தெரியுமா ஞாயித்துக்கெழமைக்கு? கொழந்தையைத் தூக்கிட்டு எத்தனை பேரு வந்திருக்காங்க? எல்லாத்துக்கும் நான்தான் பாய் விரிச்சு உக்கார வெச்சேன். எல்லாக் கொழந்தையையும் சமத்துன்னுதான் சொன்னேன்.

வண்டிச் சத்தம் கேக்குது. உங்க வண்டிதானே? ஆமா, பின்னால அவருதான். கழுத்துல மாலையைப் பாரு, கழட்டக்கூட இல்ல.

நீ எந்திரி. பையை எடு. கொழந்தையை என்ற கிட்டயே குடு, நான் தூக்கிட்டு வர்றேன். முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம், பின்னால நின்னாப் போதும்.

ஏனுங்க, எறங்குங்க நீங்க. எறங்கி இங்க நெழல்ல நில்லுங்க. தம்பி, நீ எறங்காதே. வண்டியை ஆப் பண்ணாதே. நான் சொல்றதை மட்டும் கேளு. உங்க ஐயா நாலு வருசமா மாத்திரை சாப்பிட்டுத்தான் நடக்கறாரு. அவருக்கே தெரியாது. குடுத்தவ நான். உன்ற கொழந்தைக்கு அதைக் குடுக்க ஆரும் இல்ல, அதனால இப்படிக் கெடக்குது. இந்தா, உன்ற சம்சாரம் ஏறட்டும். வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பு.